அமைச்சருக்கு ஒரு ஜோடிக் கையுறை

துங்கா பண்ணை, 22 ஆகஸ்ட் 1948

அன்புத் தம்பி ஆஸ்முந்துருக்கு,

கடவுள் உனக்கு நல்ல நாட்களைக் கொடுக்கட்டும். நானும் உன் அத்தான் பெர்குரும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போகிறது. உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? ரெய்க்யவிக்கில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை, காப்பியைக் குடித்தே அரசாங்கத்தை நடத்துகிறாயா?

நீ விவசாய அமைச்சரான செய்தி வானொலியில் வந்த அன்றைக்குப் பள்ளத்தாக்கே எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்துவிட்டது. பங்கீட்டில் வந்த காப்பித்தூள் ஒரே சாயங்காலத்தில் காலி. பக்கத்துப் பண்ணை ஓட்னி, புருஷன் கடலில் போனதிலிருந்து சிரிப்பையே மறந்தவள், அவள்கூடச் சிரித்தாள். "ஆடு அறுக்கிற அன்னிக்கெல்லாம் வைக்கோல் கொட்டகையில ஒளிஞ்சு அழுதானே, அவனா இன்னிக்கு நாட்டு ஆட்டுக்கெல்லாம் மந்திரி!" என்றாள். உன் பங்கையும் சேர்த்து நான்தான் அறுத்தேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும், எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இருமல் நோய் கீழ்ப் பண்ணைகளில் நிற்கவே இல்லை. நன்றாக மேய்ந்துகொண்டிருக்கிற செம்மறியாடு ஒருநாள் இரும ஆரம்பிக்கிறது, பிறகு மூச்சு வாங்கி வாங்கியே செத்துப்போகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற எல்லா ஆட்டையும் அழித்துவிட்டு, ஒரு வருஷம் சும்மா விட்டு, பிறகு மேற்கே நோயில்லாத கரையிலிருந்து புதுக் குட்டிகள் கொண்டுவரப் போகிறீர்களாமே? தொலைபேசியில் கேட்டிருப்பேன். நான் ரிசீவரை எடுத்தால் கம்பி நெடுக மற்ற வீடுகளிலும் எடுக்கிற சத்தம் கேட்கிறது. ஓட்னி தும்மினால் எனக்குக் கேட்கும்.

எல்லா ஆடும் என்றால் எல்லாமா? மந்தையை முன்னால் நடத்திப் போகிற நம் கிடா ஃப்ளெக்கூருமா? மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் மேட்டு நிலத்தில் பனிப்புயல் பிடித்துக்கொண்டபோது, உன் அத்தான் திசை தெரியாமல் நின்றபோது, அவன்தான் முன்னால் நடந்தான். மந்தை அவன் பின்னால் நடந்தது. இவர் அவன் கொம்பைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

உன்னைக் கடவுள் காக்கட்டும்.

உன் அக்கா
சோல்வெய்


ரெய்க்யவிக், 5 செப்டம்பர் 1948

அன்பு அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாயிருப்பது கேட்டு நிம்மதி. என் வயிறு என்னோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. புதன்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் அமைச்சரைப் பார்க்க வரலாம் அல்லவா, அந்த வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடுகிறது. அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நீ கேட்டதேதான்.

உண்மைதான், அக்கா. உத்தரவு என் மேசையில் இருக்கிறது. இந்த நோய் நுரையீரலில் இரண்டு வருஷம்கூடச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வெளியே பார்த்தால் ஆடு கொழுகொழுவென்று இருக்கும். எது நல்லது, எது நோய்பட்டது என்று உயிரோடு இருக்கும்போது எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பள்ளத்தாக்கில் ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் போதும், புதிதாக வரும் குட்டிகள் அத்தனையும் வீண். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைத் தாங்க உங்களுக்கும் தெம்பிருக்காது, கஜானாவுக்கும் தெம்பிருக்காது.

அதனால் எல்லாம் என்றால் எல்லாம்தான். ஃப்ளெக்கூரும்தான்.

ஓர் உதவி கேட்கிறேன். துங்காவிலிருந்தே ஆரம்பியுங்கள். அமைச்சர் வீட்டுக்கு ஒரு சட்டம், அடுத்த வீட்டுக்கு ஒரு சட்டம் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது. நான் பிறந்த வீட்டில் முதலில் நடந்தால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நீ நம்புவாய் என்று தெரியும், அதனால் உன்னிடம் சொல்கிறேன். மற்றவர்களிடம் நடுங்காத கையைத்தான் காட்டியாக வேண்டும்.

சமாதானத்தோடு இரு.

ஆஸ்முந்துர்


துங்கா, 20 அக்டோபர் 1948

அன்புத் தம்பிக்கு,

நலமா? உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நாங்கள் சுகம்.

நீ சொன்னபடியே எங்கள் வீட்டில்தான் ஆரம்பித்தோம். எப்போதும் போல எல்லாரும் கத்தியோடு வந்தார்கள். ஒரு பண்ணையை முடித்துவிட்டு அடுத்த பண்ணை என்று பள்ளத்தாக்கின் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனோம். மற்ற வருஷங்களில் இந்த வேலை திருவிழா மாதிரி இருக்கும். பெண்கள் ரத்தப் புட்டு அவிப்பார்கள், ஆண்கள் பாடுவார்கள். இந்த முறை யாரும் பாடவில்லை. ஓட்னியின் பெட்டையாடுகளில் ஒன்று அவள் கையை நக்கிக்கொண்டே நின்றது. "இதுக்கு என்னைத் தெரியுது சோல்வெய், என்னால முடியாது, நீ பண்ணு" என்றாள். பண்ணினேன்.

உன் மேல் யாருக்கும் கோபமில்லை. "ஆஸ்முந்துர் தன் வீட்டுலேருந்தே ஆரம்பிச்சான், ஆம்பளை" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். ஹல்வார்துரைத் தெரியுமல்லவா, பக்கத்து மாவட்டத்து ஆடு இந்தப் பக்கம் வராமல் இருக்க நீ போட்ட வேலிக்குக் காவலாக வந்திருக்கிறாரே, அவர்கூட உன்னைப் புகழ்ந்தார். அவர் யாரையும் புகழ்கிறவர் இல்லை.

இப்போது காலையில் எழுந்து வெளியே போனால் சத்தமே இல்லை. மாடும் குதிரையும் இருக்கின்றன, இருந்தும் சத்தமில்லை.

பெர்குர் மேட்டு நிலத்துப் பழைய கோடைக் குடிசைக்கு அடிக்கடி போய்வருகிறார். கூரை ஒழுகுகிறதாம், பழுது பார்க்கிறாராம். இந்த முழங்காலோடு ஏன் என்றால் கேட்பதில்லை.

ஆண்டவர் துணையிருக்கட்டும்.

சோல்வெய்


ரெய்க்யவிக், 14 டிசம்பர் 1948

அன்பு அக்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அறுத்ததையெல்லாம் புதைக்கச் சொன்னதால் இந்தப் பண்டிகைக்கு உங்கள் வீட்டில் புகையிட்ட ஆட்டிறைச்சி இருக்காது என்று நினைத்தால் எனக்கும் இங்கே தொண்டையில் இறங்காது. கப்பலில் ஒரு சிறு பெட்டி அனுப்பியிருக்கிறேன். காப்பித்தூள், சர்க்கரை, நான்கைந்து ஆப்பிள். ஓட்னிக்கும் ஹல்வார்துருக்கும் ஒவ்வொரு ஆப்பிள் கொடு.

உன் கடிதத்தை அமைச்சரவைக் கூட்டத்தில் பாதி படித்துக் காட்டினேன். பிரதமர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். அடுத்த வருஷமே குட்டிகள் வர ஒப்புதல் கிடைத்துவிட்டது. பதினைந்து வருஷ அரசியலில் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

எல்லா ஆட்டைப் பற்றியும் எழுதியிருந்தாய். ஓட்னியின் பெட்டையைப் பற்றிக்கூட. ஃப்ளெக்கூரைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத மனம் வந்திருக்காது என்று எடுத்துக்கொண்டேன்.

கோடைக் குடிசைக்கு எதற்கு இந்தப் பனியில் கூரை? அத்தானை வீட்டோடு இருக்கச் சொல்.

அன்புடன்,
ஆஸ்முந்துர்


துங்கா, 9 ஆகஸ்ட் 1949

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உன் நலம் பற்றி எழுது. இந்தக் கோடையில் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. மேய்வதற்கு ஆடில்லாத வருஷத்தில்தானா இப்படி வளர வேண்டும்!

குட்டிகள் அடுத்த மாதம் கப்பலில் வருகின்றன என்று கூட்டுறவுச் சங்கத்தில் சொன்னார்கள். ஓட்னி பட்டியை இரண்டு முறை கழுவிவிட்டாள். பெர்குர் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். தேர்தலும் வருகிறது. உனக்கு எதிராக நிற்கிற வக்கீல் இங்கே வந்து கூட்டம் போட்டார். "உங்க ஆட்டையெல்லாம் கொன்னவருக்கா ஓட்டு?" என்று கேட்டார். ஹல்வார்துர் எழுந்து, "கொன்னான், முதல்ல தன் வீட்டுல கொன்னான். நீங்க உங்க வீட்டுல எதைக் கொன்னீங்க, மூட்டைப்பூச்சியா?" என்றார். கூட்டம் அதோடு முடிந்தது.

உனக்கு ஒரு ஜோடிக் கையுறை பின்னி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சாயம் போடாத நூல். பழைய நூல்தான், பெட்டியில் மிச்சம் கிடந்தது. குளிர்காலத்தில் கூட்டங்களுக்குப் போகும்போது போட்டுக்கொள்.

உன் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

உன் அக்கா
சோல்வெய்


ரெய்க்யவிக், 23 நவம்பர் 1949

அன்பு அக்கா,

இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள். நலமாயிருக்கிறேன். தேர்தலில் ஜெயித்துவிட்டேன், உனக்குத் தெரியும். போன முறையைவிட நம் பள்ளத்தாக்கில் வாக்கு கூடியிருக்கிறது. மறுபடி அமைச்சர். குட்டிகள் வந்து இறங்கியதையும், ஓட்னி ஒரு குட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்ததையும் ஹல்வார்துர் தொலைபேசியில் சொன்னார். கம்பி முழுக்கச் சிரிப்பு.

கையுறை ஆகஸ்டிலேயே வந்துவிட்டது.

அக்கா, நீ என்னிடம் ஆட்டு நிறங்களைக் கற்றுக்கொடுத்தவள். கருஞ்சாம்பலில் பழுப்புத் திட்டு விழுந்த இந்த நிறம் நம் பள்ளத்தாக்கில் ஒருவன் முதுகில்தான் இருக்கிறது. பெட்டியில் கிடந்த பழைய நூலில் இந்த எண்ணெய்ப் பிசுக்கும் இந்த வாசனையும் இருக்காது. இது போன ஜூன் மாதம் கத்தரித்தது. அந்த ஜூனில் பள்ளத்தாக்கில் ஓர் ஆடுகூட இருந்திருக்கக் கூடாது.

பொட்டலத்தைப் பிரித்ததுமே கிளம்பி வந்திருக்க வேண்டும். தேர்தல் முடியட்டும் என்று இருந்தேன். அதற்குள் குட்டிகள் வந்துவிட்டன. இப்போது நான் எதைக் கேட்டாலும் அந்தக் குட்டிகளையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கும். ஒருவேளை அவனுக்கு நோய் இல்லாமலே இருக்கலாம். இருமுகிறானா என்றுகூட நான் கேட்கவில்லை. எதையும் கேட்கவில்லை. நீயும் எதையும் எழுதாதே.

கையுறையை நான் போட்டுக்கொள்ளவில்லை. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஆஸ்முந்துர்


துங்கா, 18 பிப்ரவரி 1951

தம்பிக்கு,

கடவுள் நம் எல்லாரையும் காக்கட்டும். நாம் எழுதிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எழுதாதே என்றாய், எழுதவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது?

ஓட்னியின் பட்டியில் இருமுகிறது.

முதலில் ஜலதோஷம் என்றாள். நேற்று கால்நடை மருத்துவர் வந்து ஒன்றை அறுத்து நுரையீரலைப் பார்த்தார். வீங்கி, கல் போல் கனத்திருந்தது. ஓட்னி அங்கேயே பனியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் தூக்கி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள்.

எல்லாரும் வேலியைத்தான் சொல்கிறார்கள். ஹல்வார்துர் தூங்கிவிட்டார், அந்தப் பக்கத்து ஆடு தாண்டி வந்துவிட்டது என்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அவர் ஒரு பொட்டலம் மூக்குப்பொடி வாங்கிக்கொண்டு உடனே போய்விட்டார். வழக்கமாக அரை மணி நேரம் வம்பளக்கிறவர்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

சோல்வெய்


ரெய்க்யவிக், 6 மார்ச் 1951

அன்பு அக்கா,

நீ நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நலமாக இருக்க முடியாது என்று தெரியும்.

வரும் இலையுதிர்காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் மறுபடி அழிக்க வேண்டும் என்று மருத்துவர் குழு சொல்லிவிட்டது. அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். அதோடு இன்னொரு கோப்பும் வந்திருக்கிறது. கடமை தவறியதற்காக வேலிக்காவலர் ஹல்வார்துரை நீக்கும் உத்தரவு. வேலையோடு வேலியடி வீடும் போகும். அந்த வயதில் அவருக்கு வேறு வீடு கிடையாது. நான் கையெழுத்திட்டால் முடிந்தது. நான் அமைச்சராகவே இருப்பேன், துங்காவின் பெயர் கெடாது. அவர் பெயர் மட்டும் கெடும்.

கேட்க மாட்டேன் என்று எழுதினேன். இப்போது கேட்கிறேன். ஃப்ளெக்கூரை மறைத்து வைத்தீர்களா? கதை வேண்டாம், காரணம் வேண்டாம். ஆம் அல்லது இல்லை, ஒரே ஒரு வார்த்தை எழுது. அது வரும் வரை அந்தக் கோப்பைத் தொட மாட்டேன்.

உன் தம்பி
ஆஸ்முந்துர்


ரெய்க்யவிக், 11 மே 1951

அன்பு அக்கா,

சுகமாயிருக்கிறாய் என்று நம்புகிறேன். தபால்காரர் வரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், அலுவலகத்தில் பார்த்துச் சிரிக்கிறார்கள். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

போன புதன்கிழமை வரிசையில் ஹல்வார்துர் உட்கார்ந்திருந்தார். அத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறார். முறை வந்ததும் உள்ளே வந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"வேலியில ஓட்டை இல்ல, ஆஸ்முந்துர். ஒவ்வொரு கம்பத்தையும் நான் தொட்டுப் பாத்திருக்கேன். என்னை வேலைய விட்டு எடுக்கிறதுன்னா எடுத்துக்க. ஆனா தூங்கினேன்னு மட்டும் எழுதாதே."

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்தார். "நான் வேலிக்காரன். வேலிக்கு உள்ள இருக்கிறவங்களப் பத்திப் பேசறது என் வேலை இல்ல" என்றார். எழுந்து கை குலுக்கினார்.

அக்கா, வருகிற திங்கட்கிழமை நாடாளுமன்றத்தில் 'அடுப்படி நாள்' விவாதம். வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கத்தை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது, வானொலியில் நாடே கேட்கும். நம் பள்ளத்தாக்கைப் பற்றித்தான் முதல் கேள்வி என்று, என்னிடம் தோற்றும் கட்சிப் பட்டியல் வழியாக உறுப்பினரான அந்த வக்கீல் ஆள்விட்டுச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வானொலியைப் போட்டுவை.

ஆஸ்முந்துர்


துங்கா, 22 மே 1951

தம்பிக்கு,

ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். உன் வயிறு எப்படி இருக்கிறது? குரலைக் கேட்டால் நீ காலையிலிருந்து சாப்பிடாதது தெரிந்தது.

நல்ல வானொலி எங்கள் வீட்டில்தான் என்பதால் எல்லாரும் இங்கேதான் வந்திருந்தார்கள். ஓட்னி என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். வீடே நிறைந்திருந்தது, பொரித்த பலகாரம் இரண்டு தட்டு வைத்திருந்தேன்.

வக்கீல் வேலியைப் பற்றிக் கேட்டார். நீ பேச ஆரம்பித்தாய். ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடமாகிவிட்டது. "வேலியில் குறை எதுவும் இல்லை. காவலர் தூங்கவும் இல்லை. முதல் அழிப்பில் ஓர் ஆடு மிஞ்சியது. அது நான் பிறந்த துங்கா பண்ணையின் ஆடு. புதுக் குட்டிகள் வருவதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். கேட்க வேண்டியது என் வேலை. தேர்தலுக்காகக் கேட்காமல் விட்டேன். ஹல்வார்துரிடம் இந்த அவையின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன். நாளைக் காலையில் என் ராஜினாமா பிரதமரிடம் இருக்கும்." என் பெயரை நீ சொல்லவில்லை. துங்கா என்று சொன்ன பிறகு பெயர் எதற்கு?

பெர்குர் எழுந்து வானொலியை அணைத்தார். ஓட்னி பின்னல் ஊசியை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என் ஆட்டை என்னால முடியலேன்னு உன் கையில குடுத்தேன். உன் ஆட்டை நீ வச்சுக்கிட்டே" என்றாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காப்பிக் கோப்பைகள் பாதிக்குப் பாதி அப்படியே இருந்தன.

மார்ச் மாதம் உன் கேள்விக்கு மூன்று முறை பதில் எழுதினேன், மூன்றையும் அடுப்பில் போட்டேன். உன் பதவி போய்விடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். ஃப்ளெக்கூர் போய்விடுவானே என்றுதான். அவன் கொம்பைப் பிடித்துக்கொண்டு பெர்குர் வாசலில் வந்து நின்ற அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. நான் உனக்கு அக்காவாக இருந்ததைவிட அவருக்கு மனைவியாக இருந்துவிட்டேன்.

மருத்துவர் கோடைக் குடிசைக்குப் போய் அவனைப் பார்த்தார்; போன கோடையில் ஓட்னியின் ஆடுகள் மேய்ந்ததும் அந்தப் பக்கம்தான். இலையுதிர்காலத்தில் மற்றவற்றோடு சேர்த்து முடியுங்கள் என்று சொல்லிவிட்டார். இந்த முறை எல்லாரும் சேர்ந்து போகாமல், ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனி ஆட்கள் போய் முடிக்க வேண்டுமாம். யார் யார் எந்தப் பண்ணைக்குப் போவது என்று பேசிவிட்டார்கள். துங்காவுக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை. பெர்குரின் முழங்கால் இப்போது மடங்குவதே இல்லை. நான் ஒருத்தியே பார்த்துக்கொள்வேன், முன்பும் செய்ததுதானே.

சோல்வெய்


ரெய்க்யவிக், 16 செப்டம்பர் 1951

அன்பு அக்கா,

நலம். இரவில் தூக்கம் வருகிறது, வயிறும் அடங்கிவிட்டது. பதவி போனால் புண் ஆறும் என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை.

என் மேசையைக் காலி செய்து கொடுத்துவிட்டேன். புதிய அமைச்சர் நல்லவர், ஹல்வார்துரின் கோப்பைக் கிழித்துப் போட்டுவிட்டார். என் பதினெட்டு வருஷ அரசியல் ஒரு மரப்பெட்டியில் அடங்கிவிட்டது. அதில் பாதி மற்றவர்களின் நன்றிக் கடிதங்கள், மீதி நான் முடிக்காத வேலைகள். அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று கட்சிக்கு எழுதிவிட்டேன். அவர்களும் நிற்கச் சொல்லவில்லை.

துங்காவுக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை என்றாய். என் பெயரை எழுதிக்கொள். வைக்கோல் கொட்டகையைப் பூட்டி வை, நான் ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாது. கத்தியைத் தீட்டி வைக்க வேண்டாம், வந்து நானே தீட்டுகிறேன். அதுவாவது எனக்கு வரும்.

இழுப்பறையில் இருந்த கையுறையை இன்றைக்குப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது. போட்டுக்கொண்டு வருகிறேன்.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி
ஆஸ்முந்துர்


துங்கா, 28 அக்டோபர் 1951

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாய் ஊர் போய்ச் சேர்ந்தாயா? கையில் கிழித்துக்கொண்டாயே, அது ஆறிவிட்டதா? சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள். பெர்குர் சுகமாயிருக்கிறார், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். "என் மச்சான்" என்கிறார். இத்தனை வருஷமும் "மந்திரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ இருந்தபோது பேச வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

மந்தை பட்டிக்குள் நுழையாமல் வாசலில் முரண்டு பிடித்ததே. மற்றப் பண்ணைகளிலிருந்து ரத்த வாடை அடித்திருக்கும். நீயும் நானும் கத்தினோம், தள்ளினோம், ஒன்றுகூட அசையவில்லை. அப்போது ஃப்ளெக்கூர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பெர்குரை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு நேராக உள்ளே நடந்தான். புயலில் எப்படி நடந்தானோ அப்படியே நடந்தான். மற்றவை அத்தனையும் அவன் பின்னால் போயின. வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறான் என்று நம்பிப் போயின. பெர்குர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. நான் அழுதிருந்தால் உன்னால் முடிந்திருக்காது.

முதல் ஆட்டுக்கு உன் கை ஆடிய ஆட்டத்தைப் பார்த்தபோது நான் கத்தியை வாங்கிக்கொள்ளத்தான் கையை நீட்டினேன். நீ தரவில்லை. சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாய். அப்போதுதான் குதிரைச் சத்தம் கேட்டது. ஹல்வார்துர் இறங்கி வந்து, ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"கத்திய இப்படியா பிடிக்கிறது, மந்திரி?"

"நான் இப்ப மந்திரி இல்ல."

"அப்ப ஒழுங்கா பிடி."

எத்தனை மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று நினைத்துப் பார்த்தேன்.

ஃப்ளெக்கூரைக் கடைசிக்கு வைத்தீர்கள். நான் பண்ணுகிறேன் என்றேன். "இது என் பங்கு, அக்கா" என்றாய். அவன் நெற்றியில் கையை வைத்தாய், அவன் அசையவில்லை. உன் கையும் நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுங்கவே இல்லை.

நீ போன மறுநாள் ஓட்னியின் பட்டியில் வேலை. நான் போனேன். கதவருகே நின்றேன், உள்ளே கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து அவளே வெளியே வந்து ஒரு வாளியை என் கையில் கொடுத்து, "தண்ணி கொண்டா" என்றாள். கொண்டு போனேன். சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் சுமந்தேன்.

கையுறையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். பட்டியில் இருந்த கம்பளியையெல்லாம் எரித்துவிடச் சொல்லி ஆள் வந்தது, அதையும் சேர்த்து எரித்துவிட்டேன். அடுத்த இலையுதிர்காலம் புதுக் குட்டிகள் வரும். வேறு நிறத்தில் பின்னித் தருகிறேன்.

மார்ச் மாதம் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாய். நீ ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாய், பதவியையும் கொடுத்துவிட்டாய், வந்து அறுத்தும் கொடுத்துவிட்டாய். நான் மட்டும் இன்னும் உனக்குப் பதில் எழுதவில்லை.

ஆம், தம்பி.

உன் அக்கா
சோல்வெய்